கேபினெட்டின் உள்ளே பார்த்து வாங்குவது: எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு டேப், ஒரு அட்டை

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தாலும் கேபினெட்டுகள், அதாவது கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டும் பெட்டிகள், கலர் லைட்டோடு வரிசையாக நிற்கும். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பட்டியல் அச்சாகியிருக்கும்: கிராபிக்ஸ் கார்டு 380 மி.மீ. வரை, கூலர் 165 மி.மீ. வரை, முன்னால் 360 ரேடியேட்டர் (தண்ணீரால் சிபியுவைக் குளிர்விக்கும் கூலரின் பாகம்), மேலேயும் 360 ரேடியேட்டர், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 200 மி.மீ. வரை. பெரும்பாலும் இந்த எண்களில் பொய் இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் காலிப் பெட்டிக்குள், மற்ற பாகங்கள் இல்லாதபோது எடுத்த அளவு. நாம் வாங்குவதோ எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதற்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வழக்கமான ரேடியேட்டரின் கனம் 27 மி.மீ., அதில் மாட்டும் ஃபேன் 25 மி.மீ., சேர்ந்தால் 52. இதை முன்பக்கம் வைத்தவுடன் 380 என்று போட்டிருந்த கார்டு நீளம் 328 ஆகிவிடும். மூன்று ஃபேன் வைத்த கார்டுகளில் 330-ஐத் தாண்டியவை இன்று ஏராளம். அதோடு 360 ரேடியேட்டரின் நீளம் 360 கிடையாது. இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்து 395 மி.மீ. அளவில் வரும். அது கீழே இறங்க எஸ்எம்பிஎஸ்ஸை மூடும் ஷ்ரவுடில் முன்பக்கம் ஒரு வெட்டு வேண்டும். வெட்டு இருந்தாலும், நேர் கீழே ஹார்ட் டிஸ்க் கூண்டு நிற்கும். கூண்டைக் கழற்றினால் ரேடியேட்டர் இறங்கும், ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் போய்விடும். பட்டியலில் இருப்பவை எல்லாம் உண்மை, சேர்த்துப் போடும்போது பாதிதான் நடக்கும். அதனால் கேபினெட் பார்க்கக் கிளம்புமுன் எந்த மதர்போர்டு, எந்த கார்டு, எந்த கூலர், எத்தனை ஹார்ட் டிஸ்க் என்பதை ஒரு தாளில் மில்லிமீட்டரோடு எழுதிவிட வேண்டும். கேபினெட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பொருத்திக்கொள்ளலாம் என்பவர்கள்தான் கடைசியில் இரண்டாவது கேபினெட் வாங்குகிறார்கள்.

கடைக்கு எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. 3 மீட்டர் ஸ்டீல் டேப், ஒரு அடி ஸ்கேல், சின்ன டார்ச், பழைய பருத்திக் கைக்குட்டை. இவற்றோடு கொஞ்சம் அட்டையும் தெர்மாகோலும். ஏடிஎக்ஸ் (வழக்கமான முழு அளவு) போர்டு என்றால் 305-க்கு 244 மி.மீ. அளவில் பார்சல் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. அட்டையில் மூன்று இடங்களைப் பேனாவால் குறிக்க வேண்டும்: வலது விளிம்பில் 24 பின் பவர் (போர்டுக்கான பெரிய பவர் பிளக்), இடது மேல் மூலையில் சிபியு பவர், இடது கீழ் மூலையில் முன்பக்க ஆடியோ. கார்டுக்கு அதன் நீளத்திலும் உயரத்திலும் இன்னொரு அட்டை. ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்த கனத்துக்கு 52 மி.மீ. தெர்மாகோல் துண்டு. இவ்வளவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டால் போதும். கடைக்காரர் சொல்லும் எந்த வார்த்தையையும்விட இந்த அட்டை தெளிவாகப் பதில் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை நெரிசலில் யாரும் பொறுமையாகக் காட்டமாட்டார்கள். வார நாளில் கடை திறந்த கையோடு போவது நல்லது. சீல் வைத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டாம். காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலைக் கைகாட்டி, “அண்ணா, ரெண்டு பக்கப் பேனலையும் கழட்டிப் பார்த்துட்டு எடுத்துக்கறேன்” என்றால் அநேகமாக மறுக்கமாட்டார்கள். கன்னடமோ இந்தியோ சரளமாக வராதவர்கள் தயங்கத் தேவையில்லை, தமிழ் புரிந்த ஆள் பல கடைகளில் உண்டு.

முதலில் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். வடிவமைத்தவர் தன் கையால் ஒரு சிஸ்டமாவது பூட்டியிருக்கிறாரா என்பது கண்ணாடிப் பக்கத்தில் தெரியாது, இங்கே தெரிந்துவிடும். பேனலைக் கழற்றி, கேபினெட்டின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஸ்கேலைப் பாலமாக வைத்து, அங்கிருந்து மதர்போர்டு ட்ரேயின் (போர்டைப் பூட்டும் உள் தகடு) முதுகு வரை அளந்து பாருங்கள். பேனலின் மடிப்பு உள்ளே வருமானால் 2, 3 மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். 15 மி.மீ. வந்தால் சிரமம், 20 போதும், 25 தாராளம். காரணம் 24 பின் கேபிள்தான். வலை உறை போட்ட உருண்டைக் கேபிள் 12 முதல் 15 மி.மீ. கனம் இருக்கும். அதன் மேல் டிஸ்க்குக்குப் போகும் ஒரு சாட்டா பவர் வயர் குறுக்கே போனாலே 18-ஐத் தொட்டுவிடும். 15 மி.மீ. இடத்தில் இதைத் திணித்து, முழங்காலால் அழுத்தி, பேனலை மூடிவிடலாம். ஆனால் நடுவில் புடைத்து நிற்கும். அந்த அழுத்தம் ட்ரேயின் முதுகில் மாட்டியிருக்கும் எஸ்எஸ்டியின் சாட்டா பிளக் மேல் விழும். பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டிஸ்க் சில நேரம் தெரியும், சில நேரம் காணாமல் போகும். விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், கோளாறு பேனலில் இருக்கும். தட்டையான ரிப்பன் கேபிள் வரும் எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்களுக்கு 18 மி.மீ. இருந்தாலும் சமாளிக்கலாம்.

அகலம் மட்டும் பார்த்தால் போதாது. ட்ரே முழுக்க ஒரே மட்டமாக இருக்கிறதா, 24 பின் துளைக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பள்ளமும் அதில் இரண்டு மூன்று வெல்க்ரோ பட்டைகளும் இருந்தால், மற்ற இடத்தில் 18 மி.மீ.தான் என்றாலும் கவலையில்லை. கேபிள் டை கட்டும் வளையங்களை எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் வயர்கள் தொங்கும். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். சிபியு பவர் கேபிள் ஏறும் ஓரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். பல கேபினெட்டுகளில் வளையமெல்லாம் நடுவில் கூடியிருக்கும், ஓரத்தில் ஒன்றுகூட இருக்காது.

இப்போது போர்டு அட்டையை உள்ளே வைத்து, பேனாக் குறிகளுக்கு நேரே துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 24 பின் துளை போர்டின் ஓரத்திலிருந்து 20 மி.மீ.யாவது தள்ளி இருந்தால் கேபிள் வளைந்து ஏறும். ஒட்டியிருந்தால் கேபிள் சாக்கெட்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் ‘இ-ஏடிஎக்ஸ்’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முழு இ-ஏடிஎக்ஸ் போர்டு 330 மி.மீ. அகலம் வரை போகும். பல கேபினெட்டுகள் 270 அல்லது 280 வரைதான் இடம் கொடுக்கின்றன, அப்போதும் போர்டு ரப்பர் துளைகளின் மேல் படுத்துவிடும்.

இடது மேல் மூலைத் துளையில் உங்கள் கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டும். சிபியு பவரின் 8 பின் பிளக் 17 மி.மீ.க்கு மேல் அகலம். துளை 40-க்கு 20 மி.மீ. இருந்தால் போர்டு பூட்டிய பிறகும் பிளக்கை வெளியே எடுக்கலாம். அதைவிடச் சின்னதென்றால் போர்டு வைக்குமுன்பே கேபிளை நுழைத்துவிட வேண்டும். மேலே ரேடியேட்டர் வரப்போகிறது என்றால் துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வரிசைதான் சரி: முதலில் சிபியு கேபிள், பிறகு போர்டு, கடைசியில் ரேடியேட்டர். எஸ்எம்பிஎஸ் அடியில் இருப்பதால் இந்தக் கேபிள் கீழிருந்து உச்சி வரை ஏற வேண்டும். உயரமான கேபினெட்டில் 600 மி.மீ. கேபிள் எட்டாமல் குறுக்கே இழுத்து நிற்கும். ட்ரேயின் பின்னால் அந்தப் பாதையை டேப்பால் வளைத்து அளந்து, எஸ்எம்பிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் கேபிள் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

இடது கீழ் மூலையின் ஆடியோ துளையை யாரும் பார்ப்பதில்லை. முன்பக்க ஹெட்போன் வயர் போர்டின் இடது கீழ் ஓரத்தில்தான் போய்ச் சேரும். ஷ்ரவுடின் மேல் அந்த மூலையில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் வயர் மறைவாக வந்து நேரே ஏறும். இல்லாவிட்டால் போர்டின் அடி விளிம்பு முழுக்க, கார்டுக்குக் கீழே, வெளியே தெரியும்படி வர வேண்டும். மலிவான கேபினெட்டுகளில் அந்த வயரே குட்டையாக இருக்கும். கையில் பிடித்து மூலை வரை இழுத்துப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிபியு சாக்கெட்டின் பின்னால் ட்ரேயில் பெரிய சதுர வெட்டு இருக்கும். கூலரை மாற்றும்போது போர்டைக் கழற்றாமலே பின் தகட்டைப் பூட்டுவதற்காக. இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் கூலர் துளைகள் 78 மி.மீ. சதுரம், ஏஎம்டி ஏஎம்5 சாக்கெட்டில் 54-க்கு 90. இவை நாலும் வெட்டுக்குள் தெரிய வேண்டும். ஒரு துளை தகட்டுக்குப் பின்னால் மறைந்தாலும் அந்த வெட்டினால் பயனில்லை.

அடுத்தது தகடு. கைக்குட்டையை விரலில் சுற்றி, ட்ரேயின் துளை விளிம்புகள், ஹார்ட் டிஸ்க் கூண்டு, எஸ்எம்பிஎஸ் வாய் எல்லாவற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள். நூல் மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. வெறும் விரலால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நன்றாகவே கிழிக்கும். பிசிர் கையைக் கிழிப்பதோடு நிற்காது. கேபிளை இழுத்து நுழைக்கும்போது வயரின் உறையையும் சீவிவிடும். விளிம்பை மடித்து உருட்டியிருந்தால் நல்ல வேலை. மடிக்காவிட்டாலும் ரப்பர் வளையம் போட்டிருந்தால் சரி, ஆனால் இழுத்தால் கையோடு வந்துவிடும் ரப்பர் எதற்கும் உதவாது.

தகட்டின் கனத்தை வெர்னியர் வைத்து அளக்கலாம். 0.5 மி.மீ. மெல்லியது, 0.7-இலிருந்து 0.8 வரை நல்லது. வெர்னியர் இல்லையென்றால் ஒரு சோதனை. இரண்டு பேனல்களையும் கழற்றிய நிலையில் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். சட்டம் நெளிந்தால் கிராபிக்ஸ் கார்டு பூட்டும்போது தொல்லை வரும். கார்டுகளைப் பூட்டும் ஸ்லாட் வரிசை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட கார்டின் இரும்புத் தகடு ஸ்க்ரூ துளைக்கு நேரே வராது. ஸ்க்ரூவை வலுவில் முறுக்கினால் கார்டின் முனை ஸ்லாட்டிலிருந்து ஒரு பக்கம் தூக்கும். திரை வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம், கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். 3000 ரூபாய்க்குக் கீழே உள்ள பல கேபினெட்டுகளில் ஸ்லாட் மூடிகளைத் திருகி உடைத்துத்தான் எடுக்க வேண்டும், திரும்ப மாட்ட முடியாது. ஸ்க்ரூ போட்ட மூடிகள் இருப்பதை வாங்குங்கள். ஏன் என்பது பல்லி விஷயத்தில் தெரியும்.

ஏடிஎக்ஸ் அமைப்பை இன்டெல் கொண்டுவந்தது 1995-இல். அப்போது கார்டுகள் கைக்கு லேசானவை. துளைகளும் ஸ்லாட் இடைவெளி 20.32 மி.மீ.யும் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டு 2 கிலோவைத் தாண்டுகிறது, மூன்று ஸ்லாட் அகலம் எடுக்கிறது. இந்தப் பாரத்தை ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடுகிறோம். ஆகவே ஸ்லாட் பக்கத்துச் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் கார்டு தொங்கும். ஷ்ரவுடின் மேல் முட்டுக்கொடுக்க ஒரு தூண் வந்தால் நல்லது, ஷ்ரவுடே நெளியும் தகடு என்றால் அந்தத் தூணாலும் பயனில்லை. ஒசூர் தாண்டி சேலம், மதுரை என்று பஸ்ஸில் சிஸ்டத்தை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் கார்டையும் கனமான டவர் கூலரையும் கழற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். எந்த முட்டும் அந்தக் குலுக்கலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

ட்ரேயில் நிற்கும் பித்தளைக் கால்களைப் பாருங்கள். ஏடிஎக்ஸ் போர்டுக்கு ஒன்பது. கம்பெனியிலேயே பூட்டி வந்திருந்தால் வசதி, ஆனால் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வைக்கும்போது போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் கால் போர்டின் அடிப்பக்கச் சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகும். அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாதபடி தகட்டிலேயே புடைத்து அடித்திருந்தால் உங்கள் அட்டையை வைத்து எது இடிக்கிறது என்று சரிபாருங்கள். ஸ்க்ரூவில் இரண்டு ரகம் கலந்து வரும்: 6-32 என்பது 3.5 மி.மீ. கனம், மரை அகலம். எம்3 என்பது 3 மி.மீ., மரை நெருக்கம். ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதலாவது, 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு இரண்டாவது. போர்டின் கால்களில் எது என்பது கேபினெட்டுக்குக் கேபினெட் மாறும். விரலால் நாலு சுற்று சுலபமாகப் போனால்தான் சரியான ஸ்க்ரூ. முதல் சுற்றிலேயே ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் நிறுத்துங்கள்.

ஸ்க்ரூ சின்ன விஷயம் என்று விடக்கூடாது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய கேபினெட் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசர் பலகையைக் கேபினெட்டின் உடலோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் பலகையில் ஷார்ட் ஏற்படுத்தி, தீப்பிடிக்க வாய்ப்பிருந்தது. ரைசரோடு வரும் எந்தச் சிறிய கேபினெட்டிலும், ஸ்க்ரூவின் தலை பலகையில் எதைத் தொடுகிறது என்பதை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

கூலர் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு. ட்ரேயின் பரப்பிலிருந்து கண்ணாடியின் உள்பக்கம் வரை அளந்து 16 கழியுங்கள். கால் 6.5, போர்டு 1.6, அதற்கு மேல் சிபியு ஏழெட்டு மி.மீ., சேர்ந்து சுமார் 16. வரும் மிச்சம்தான் கூலருக்கான இடம். அதில் 3 மி.மீ. விட்டுவைத்துக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி கூலரைத் தொட்டு அதிரும். நாக்டுவா என்எச்-டி15 என்ற கூலர் 165 மி.மீ. உயரம். பெட்டியில் 165 என்று போட்ட கேபினெட்டில் அதைப் போட நினைப்பவர்கள் அளக்காமல் வாங்கக்கூடாது.

மேலே ரேடியேட்டர் என்றால் தெர்மாகோல் துண்டைக் கூரையில் ஒட்டிப் பிடித்து, போர்டு அட்டையின் மேல் விளிம்பைப் பாருங்கள். கூரைக்கும் போர்டுக்கும் நடுவே 55 மி.மீ. இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பல நடுத்தர கேபினெட்டுகளில் 35, 40தான் வரும். அப்போது ரேடியேட்டர் போர்டின் முன்னால் இறங்கி நிற்கும், ரேமை இடிக்கும். லைட் இல்லாத ரேம் 31 முதல் 34 மி.மீ. உயரம், லைட் வைத்தவை 44-இலிருந்து 50 வரை. நல்ல கேபினெட்டில் மேல் ஃபேன் துளைகளைக் கண்ணாடிப் பக்கமாக 20 மி.மீ.யாவது தள்ளி அடித்திருப்பார்கள், அதனால் ரேடியேட்டர் ரேமுக்கு வெளியே போய்விடும். மேலே பார்த்ததும் அந்தத் துளைகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

புதிய கார்டுகளின் 16 பின் பவர் கேபிள் தனி விஷயம். பிளக்கிலிருந்து 35 மி.மீ. நேராகப் போன பிறகே வளைய வேண்டும். பிளக்கை ஒட்டி வளைத்தால் உள்ளே பின்கள் சரியாகப் பொருந்தாமல் சூடாகி உருகும். கார்டு அட்டையை ஸ்லாட் இடத்தில் நிறுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை அளங்கள். 35 வராவிட்டால், அந்த கேபினெட்டில் நீளம் எவ்வளவு இருந்தாலும் அந்த கார்டு வேண்டாம். கார்டைச் செங்குத்தாக நிறுத்தும் வசதி இருந்தால் வேறு கேள்வி: கார்டின் ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 25 மி.மீ.க்குக் குறைந்தால் மூச்சுமுட்டும்.

காற்றுக்கு வருவோம். முன்பக்கம் முழுக் கண்ணாடி, காற்று இரண்டு ஓரப் பிளவுகளில் வர வேண்டும் என்ற கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 120 மி.மீ. ஃபேன் ஒன்று காற்றிழுக்கும் பரப்பு நடுக்குமிழ் போக சுமார் 95 சதுர செ.மீ., மூன்றுக்கு 285. பிளவு 400 மி.மீ. உயரம், 15 மி.மீ. அகலம், இருபுறமும் சேர்த்து 120 சதுர செ.மீ. அதிலும் வலைத் தகடு பாதியை அடைத்தால் மிச்சம் 60. மூன்று ஃபேன் போட்டும் ஒன்றுக்குக்கூட வாசல் இல்லை. இந்தக் கணக்கைக் கடையிலேயே டேப் வைத்துப் போடலாம். மெஷ் (வலை) முன்பக்கம் என்றால் உள்ளிருந்து டார்ச் அடித்து வெளியே பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். பூ வேலைப்பாடு போட்ட மெஷ் பல நேரம் ஓட்டையைவிடத் தகடுதான் அதிகம்.

எவ்வளவு காற்று வேண்டும்? சிபியுவும் கார்டும் சேர்ந்து 500 வாட் சூடு வெளியேற்றினால், உள்ளே காற்று 10 டிகிரி மட்டும் ஏற வேண்டுமென்றால் கடல் மட்டத்தில் சுமார் 88 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) தேவை. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, ஆக 98 வேண்டும். இங்கே வானிலை குளுமை என்ற நம்பிக்கையில் இதை மறந்துவிடுகிறோம். பெட்டியில் 55 சிஎஃப்எம் என்று போட்ட ஃபேன், ஃபில்டரும் மெஷ்ஷும் முன்னால் இருக்கும்போது சாதாரணமாக அதில் பாதி அளவுக்குத்தான் தள்ளும். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்பது ஆடம்பரமில்லை, 500 வாட் சிஸ்டத்துக்குக் குறைந்தபட்சம்.

கேபினெட்டோடு வரும் ஃபேன்களின் வயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். சாதாரண 3 பின் அல்லது 4 பின் என்றால் போர்டிலேயே மாட்டி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். போர்டில் வயர் மாட்டும் ஒரு ஃபேன் ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், மூன்று சாதாரண ஃபேனைப் பிரித்து மாட்டலாம். ஆனால் 6 பின் பிளக்கோடு, கேபினெட்டின் சொந்த ஹப்பில் (ஃபேன் வயர்களைச் சேர்க்கும் பலகை) மட்டும் மாட்டும் ஃபேன் என்றால் யோசியுங்கள். பல ஹப்புகளில் அது எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும், ஒன்று போனால் கடையில் தனியே கிடைக்காது. லைட் வயரிலும் கவனம்: 3 பின் ஏஆர்ஜிபி 5 வோல்ட், 4 பின் ஆர்ஜிபி 12 வோல்ட். 5 வோல்ட் லைட்டை 12-இல் மாட்டினால் அங்கேயே கருகிவிடும்.

தூசி இந்த ஊரில் தனிப் பாடம். அபார்ட்மென்ட் வேலை நடக்கும் ஒயிட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, கே.ஆர். புரம் பக்கம் சாலையைப் பார்த்த அறையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைத் துடைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஃபில்டர் எந்த வழியாக வெளியே வருகிறது என்பது முக்கியம். எஸ்எம்பிஎஸ் அடி ஃபில்டர் பின்பக்கமாக மட்டும் உருவ முடிகிறது என்றால், ஒவ்வொரு முறையும் கேபினெட்டைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும். நாளடைவில் யாரும் செய்யமாட்டார்கள். முன்னாலோ பக்கத்திலோ வருவதுதான் உண்மையில் சுத்தம் செய்யப்படும். கேபினெட்டின் கால் 20 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் காற்றே புகாது. உள்ளிழுக்கும் ஃபேன்கள் வெளித்தள்ளுபவற்றைவிட அதிகமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது.

பல்லியும் கரப்பானும் எந்த மாநிலத்துக்கும் பொது. சூட்டைத் தேடி வரும். ஸ்லாட் மூடியை உடைத்து எடுத்துவிட்டு, பிறகு கார்டை வேறு இடத்துக்கு மாற்றினால், பழைய திறப்பு வாசலாகவே நிற்கும். 5 மி.மீ.க்கு மேல் எந்தத் திறப்பு இருந்தாலும் மெஷ் ஒட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே சுமார் 380 வோல்ட் டிசி நிற்கிறது. பல்லி உள்ளே போய்ச் சிக்கினால் அதுவும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும். அதை நீங்களே பிரித்துச் சுத்தம் செய்யப் போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய வாடகை வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. அப்போது கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருக்கும். சுவரின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்ல வேண்டும், அதோடு கேபினெட் பக்கமும் ஒரு சோதனை உண்டு. பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் எர்த் பின்னுக்கும் ட்ரேயின் பித்தளைக் காலுக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ அடியில் பெயின்ட் தடுக்கலாம். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

முன்பக்க டைப்-சி போர்ட் இருந்தால் அதற்குரிய ஹெடர் உங்கள் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது வெறும் ஓட்டை. ஹார்ட் டிஸ்க் கூண்டு ரிவெட்டா, ஸ்க்ரூவா என்பதையும் பாருங்கள். 160 மி.மீ. எஸ்எம்பிஎஸ், அதன் பிளக்குகள் வளைய இன்னொரு 60, 70 மி.மீ. என்றால் கூண்டை நகர்த்த முடிந்தாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் மெத்தையிலோ துணி மேலோ படுக்க வையுங்கள். டெம்பர்டு கண்ணாடியின் ஓரம் டைல்ஸ் தரையில் லேசாக இடித்தாலும் மொத்தமும் பொடிப்பொடியாகும்.

ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனைகளில் பாதியைக் கம்பெனி தளத்தில் கிடைக்கும் மேனுவல் படங்களிலிருந்து செய்யலாம், மீதியைப் பெட்டி வந்த அன்றே செய்துவிடுங்கள். வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். போர்டு அட்டை, கார்டு அட்டை, தெர்மாகோல் மூன்றையும் உள்ளே வைத்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முடிவு செய்யுங்கள். ஒரு ஸ்க்ரூகூடப் பூட்டாத நிலையில் திருப்பித் தருவது சுலபம். கடையில் வாங்கினால் பில்லில் மாடல் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஒரே பெயரில் மெஷ் வைத்தது, கண்ணாடி வைத்தது, ‘வி2’ என்று மூன்று நாலு வரும். ஃபேனும் ஹப்பும், சில நேரம் உள்ளே உள்ள இடத்தின் அளவும் அவற்றில் வேறு வேறு. நீங்கள் அளந்து பார்த்தது ஒன்று, குடோனிலிருந்து வருவது இன்னொன்று என்றால், பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.